வெள்ளிக்கிழமை மாலை ராஜினாமா கடிதம் நீட்டினால் கையெழுத்துப் போடலாமா?

மழைக்காகிதம் | வெள்ளி இரவு 9.40

இன்று மாலை ஐந்து மணிக்கு காலண்டரில் திடீரென்று ஒரு மீட்டிங் முளைத்தது. பதினைந்து நிமிடம்தான். உள்ளே போனால் மேலாளர், எச்ஆர், மேசைமேல் என் பெயர் அச்சடித்த ராஜினாமா கடிதம். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எனக்கே தெரியாத என் காரணம் அதில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

இன்றே போட்டால் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் தருவார்களாம். போடாவிட்டால் செயல்திறன் குறைவு என்று நீக்குவார்களாம், அடுத்த கம்பெனியின் வெரிஃபிகேஷனில் அது அடிபடுமாம். திங்கள் வரை அவகாசம் கேட்டேன், முடியாது என்றார்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பொய் இல்லை, நிஜமாகவே சுற்றியது.

இந்தியாவில் மென்பொருள் சோதனை வேலை, ஆறு வருடம் எட்டு மாதம். பதவி 'லீட்', ஆனால் எனக்குக் கீழே ஒருவரும் இல்லை. போன வருட மதிப்பீட்டில் ஐந்துக்கு நான்கு. திங்கள் என்ன செய்வது?

இரண்டாம்_ஷிப்ட் | வெள்ளி இரவு 9.58

தோழர், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்தது. இன்று இரவே எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். "இன்று மாலை 5 மணிக் கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை. வழக்கம்போல் திங்கள் வேலைக்கு வருவேன். என் செயல்திறனில் குறை இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்." அவ்வளவுதான். கோபம், வசவு, சட்டப்பிரிவு எதுவும் வேண்டாம். அனுப்பியதன் நகல் உங்கள் சொந்த அஞ்சலிலும் இருக்கட்டும்.

கம்பெனிக் கோப்புகளை மட்டும் சொந்த அஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதையே குற்றமாகக் காட்டி வெளியே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், மதிப்பீட்டுக் கடிதம் போன்ற உங்களுக்கென்று கொடுத்தவை வேறு, வாடிக்கையாளர் கோப்புகள் வேறு.

கணக்குப்புலி | வெள்ளி இரவு 10.15

எதற்கு இந்த வம்பு? வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் ஒட்டிக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறீர்கள்? இரண்டு மாதக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இரண்டாம்_ஷிப்ட் | வெள்ளி இரவு 10.21

போவது வேறு, எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போவது வேறு. அவர் ஒட்டிக்கொள்ளப் போவதாக எங்கே சொன்னார்?

உறைக்குள்_கடிதம் | வெள்ளி இரவு 11.05

பதினோரு வருடம் எச்ஆரில் இருந்தவன். இந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு எழுதிவைத்த வசனம் உண்டு. வெள்ளி மாலை என்பது தற்செயல் இல்லை, சனி ஞாயிறில் வக்கீலையோ தொழிலாளர் அலுவலகத்தையோ எளிதில் பார்க்க முடியாது. "இன்றே" என்பதும் வசனம்தான். நான் பார்த்தவரை இன்று தருவதாகச் சொன்ன பணம் திங்கள் அன்றும் கிடைத்தது, பெரும்பாலும் கொஞ்சம் கூடவே. வெரிஃபிகேஷன் மிரட்டலும் பாதி காற்று. அங்கே கேட்பது சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகக் காரணம், மறுபடி எடுப்பீர்களா என்பவைதான். பேரம் பேசி முடித்தால் அந்தப் பதில்களையும் பேசி முடிக்கலாம்.

நிறுவனம் ஏன் ராஜினாமாவுக்கு இப்படி அலைகிறது? நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணத்தை நிரூபிக்க வேண்டும், ஆட்குறைப்பு என்றால் இழப்பீடு தர வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் வேண்டாம். இன்னொன்று, ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதமும் அதே உறையில் தயாராக இருக்கும். நீங்கள் போட்ட மை காய்வதற்குள் அதைக் கையில் கொடுப்பார்கள். ஏன் என்று வழக்கறிஞர் யாராவது சொல்லட்டும்.

படிக்கட்டு_வக்கீல் | சனி காலை 7.30

சொல்கிறேன். பின்னால் ஒரு தேதியில் அமலாகும் ராஜினாமாவை, அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் சொல்லியிருக்கிறது. வழக்குக்குக் காரணமானவர் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி, அவர் தன் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். ஒப்பந்தமோ விதியோ குறுக்கே நிற்காதவரை மற்ற வேலைகளுக்கும் இதே கொள்கையைச் சொல்வார்கள். ஆனால் கடிதத்தில் "உடனடியாக விலகுகிறேன்" என்று இருந்து, அதை அங்கேயே ஏற்றும்விட்டால் திரும்பப் பெற நேரமே இல்லை. அந்த இரண்டாவது கடிதத்தின் வேலை அந்தக் கதவைச் சாத்துவது.

"மிரட்டி வாங்கினார்கள், செல்லாது" என்று பிறகு வாதாடலாமே என்று கேட்பார்கள். வாதாடலாம், ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 15ஆம் பிரிவு சொல்லும் வற்புறுத்தல் குறுகலானது. குற்றவியல் சட்டம் தடுக்கும் செயலைச் செய்வது, செய்வேன் என்று மிரட்டுவது, சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைப்பது, இந்த வகைதான். "வேலையை விட்டு எடுத்துவிடுவேன்" என்று மட்டும் சொன்னது அதற்குள் அடங்குவது கஷ்டம். 16ஆம் பிரிவின் தகாத செல்வாக்கு கொஞ்சம் பொருந்தும், ஒருவர் மற்றவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து அநியாய லாபம் அடைவது. எதுவானாலும் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, நீங்கள் எத்தனை நாளில் வாயைத் திறந்தீர்கள் என்பதை. மூன்றாம் நாள் எழுதியவருக்கும், காசை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கும் ஒரே மரியாதை கிடைக்காது.

அப்புறம் மழைக்காகிதம், உங்கள் விஷயத்தில் பெரிய கேள்வி வேறு. சட்டப்படி நீங்கள் 'தொழிலாளி'யா இல்லையா?

கணக்குப்புலி | சனி காலை 8.10

லீட் என்கிறார், மாதச் சம்பளமும் நல்ல தொகையாகத்தான் இருக்கும். தொழிலாளி எங்கிருந்து வந்தார்?

படிக்கட்டு_வக்கீல் | சனி காலை 8.45

இந்தத் தவறான நம்பிக்கை எச்ஆர்காரர்களுக்கே உண்டு. 1947ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம் உடலுழைப்பு, திறன்சார், தொழில்நுட்ப, எழுத்தர், மேற்பார்வை வேலை செய்பவர்களைத் தொழிலாளி என்றது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை விலக்கியது. மேற்பார்வை வேலைக்கு மட்டும் சம்பள உச்சவரம்பு வைத்தது, 2010 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் (லேபர் கோட்) இதே சட்டகம்தான், வரம்பு 18,000. தொழில்நுட்ப வேலை செய்பவருக்கு வரம்பே கிடையாது. லட்சம் வாங்கினாலும் தொழிலாளியாக இருக்கலாம்.

அட்டையில் என்ன பதவி என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை, நாள் முழுக்கக் கை என்ன செய்கிறது என்று பார்க்கும். யாருக்காவது விடுப்பு அனுமதிக்கிறீர்களா, வேலைக்கு எடுக்கிறீர்களா, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் 'லீட்' வெறும் அலங்காரம். ஐடி நிறுவனங்களுக்கும் தொழில் தகராறுகள் சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கமும் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவாக்கியது. வேலை எந்த வகைக்குள்ளும் அடங்காமல் வெளியே விழுந்தவர்களும் உண்டு. 1988இல் ஆசிரியர்கள் தொழிலாளிகள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தொழிலாளி என்றால் என்ன கிடைக்கும்? ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை ஒரு வருடமாக எண்ண வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையாக இல்லாமல் எந்தக் காரணத்துக்காக நீக்கினாலும், சட்டம் சொல்லும் சில விலக்குகள் போக, அது ஆட்குறைப்புதான் என்று 1990இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. "செயல்திறன் குறைவு" என்று பெயர் வைத்தாலும் தப்ப முடியாது. விலக்குகளில் ஒன்று, தானாக விலகுவது. அந்தக் கடிதம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

தொழிலாளி இல்லை என்றால் நிலைமை சுருங்கும். தனியார் நிறுவனத்தில் மேலாளரை மறுபடி வேலைக்கு எடு என்று சிவில் நீதிமன்றம் பொதுவாகச் சொல்லாது. நோட்டீஸ் காலச் சம்பளம் அளவுக்கு இழப்பீடு, அவ்வளவுதான். இதை மறைத்து வீரம் பேசுவதில் அர்த்தமில்லை.

மழைக்காகிதம் | சனி காலை 9.20

விடுப்பு அனுமதிப்பதா? என் விடுப்பையே நான் கெஞ்சித்தான் வாங்குகிறேன். காலையிலிருந்து இரவு வரை டெஸ்ட் எழுதுகிறேன், ஓட்டுகிறேன், பிழை பதிகிறேன்.

மின்னஞ்சல் நேற்று இரவே அனுப்பிவிட்டேன். கை நடுங்கியது.

கொழும்புக்_குடை | சனி மதியம் 1.15

எங்கட பக்கம் இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 180 நாள் சேவை முடித்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு இரண்டே வழி. ஒன்று, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன் அனுமதி. இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தலே செல்லாது.

கேட்கும்போது பலமான சட்டம். ஆனால் ஆணையாளரிடம் போவதைவிட ஊழியரைத் தனி அறைக்குள் கூப்பிடுவது சுலபம்தானே? சட்டம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு அந்த ஒரு கையெழுத்தின் விலை கூடும். என் நண்பர் ஒருவர் "சம்மதம்" என்று தலைப்பிட்ட தாளை விடுகைக் கடிதம் என்று நினைத்து ஒப்பமிட்டுவிட்டார். பிறகு தொழில் திணைக்களத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் மேசைமேல் வைத்தார்கள்.

தீவுக்கப்பல் | சனி மதியம் 2.40

சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டமே 'வேலைநீக்கம்' என்பதற்குள் விருப்பமில்லாத ராஜினாமாவையும் சேர்த்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் மேலாளர்களுக்கும் பொருந்தும். ஆனால் புகார் தர கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதம்தான். "கொஞ்சம் ஆறட்டும்" என்று உட்கார்ந்தால் போச்சு. மலேசியாவில் 60 நாள். இந்தியாவில் எவ்வளவு?

படிக்கட்டு_வக்கீல் | சனி மதியம் 3.05

இப்போது இரண்டு வருடம், முன்பு மூன்று. முதலில் சமரச அதிகாரியிடம் மனு. அங்கே 45 நாளில் முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவும் உண்டு, அது மாநிலச் சட்டம் என்பதால் புதிய தொகுப்புகள் அதை ரத்து செய்யவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது, மேல்முறையீடும் செய்யலாம்.

பெர்லின்_மிதிவண்டி | சனி மாலை 5.50

ஜெர்மனியில் ஒரு துப்புரவுப் பணியாளரின் வழக்கு நினைவுக்கு வந்தது. உடல்நலமில்லாமல் வீட்டில் படுத்திருந்தபோது வந்து விலகல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்றார். வீட்டில் கையெழுத்தானது என்பதற்காக மட்டும் அதைத் திரும்பப் பெற முடியாது என்றது கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், 2019 பிப்ரவரியில். ஆனால் பேச்சு நேர்மையாக நடந்திருக்க வேண்டும், எதிராளியின் பலவீனமான நேரத்தைப் பயன்படுத்தி வாங்கியிருந்தால் செல்லாமல் போகலாம் என்றும் சொல்லி, அதை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. பிரான்ஸ் இன்னும் நேரடி. இரு தரப்பும் பேசிப் பிரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் 15 நாள் மனம் மாற உரிமை உண்டு. பிரிட்டனில் இப்படியான ஒப்பந்தத்தைப் படித்து யோசிக்கக் குறைந்தது 10 நாள் தர வேண்டும் என்று வழிகாட்டு நெறி இருக்கிறது, உரிமைகளை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் சுயேச்சையான ஆலோசகரிடம் ஆலோசனையும் பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்று நாட்டிலும் குறிவைத்தது ஒரே இடத்தைத்தான், அந்தப் பதினைந்து நிமிட அறையை.

தொட்டில்_அருகில் | சனி இரவு 8.30

என் கதையும் இதுதான், கொஞ்சம் அசிங்கமானது. மகப்பேறு விடுப்பின் நாலாவது மாதம், வீடியோ அழைப்பில். குழந்தை மடியில் அழுதுகொண்டிருந்தது. "உங்கள் குழுவே கலைகிறது, திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று தெரியாது, கௌரவமாக விலகிவிடுங்கள்" என்றார்கள். அன்று இரவே ராஜினாமாவைத் தட்டி அனுப்பிவிட்டேன். தூக்கம் இல்லாத மூளை எதற்கும் சரி சொல்லும்.

இரண்டாம் நாள் அக்கா கேட்டாள், "விடுப்பில் இருப்பவளை எப்படி எடுக்க முடியும்?" தேடினேன். அப்போது அமலில் இருந்த 1961ஆம் வருட மகப்பேறு உதவிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விடுப்பில் இருக்கும்போது நீக்குவது சட்டவிரோதம். உடனே "என் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், விடுப்புக் காலத்தில் அழுத்தம் தந்து வாங்கியது" என்று எழுதினேன். ஏற்கெனவே ஏற்றுவிட்டோம் என்று பதில் வந்தது. நோட்டீஸ் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் ராஜினாமா அமலாகவில்லை என்று மறுபடி எழுதி, தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுத்தேன். அந்த மனுவின் நகல் போன நாலாம் நாள் பேச்சு மாறியது. திரும்பப் போனேன், எட்டு மாதம் வேலை பார்த்தேன், பிறகு வேறு இடம் கிடைத்து நானாக விலகினேன்.

அந்த எட்டு மாதம் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரக்கூட ஆட்கள் யோசித்தார்கள்.

இரண்டாம்_ஷிப்ட் | சனி இரவு 9.15

அம்மா, நீங்கள் செய்தது சின்னக் காரியம் இல்லை.

ஐடி நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு வேலையை விட்டுப் போகும்போது கடிதம் நீட்டுகிறார்கள். எங்கள் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் சேரும் அன்றே வெற்றுத்தாளில் நாலு கையெழுத்து வாங்கி வைப்பவர்களும் உண்டு. தேவைப்படும் அன்று மேலே ராஜினாமா எழுதிக்கொள்வார்கள். அப்படி ஒரு தம்பியின் வழக்கில் கூடவே போனேன். கடிதம் சரளமான ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது, அவனுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் வரும். எழுத்து மேலே நெருக்கி, நடுவில் இடம் விட்டு, கையெழுத்து தாளின் அடியில் தனியாகக் கிடந்தது. கடிதத் தேதிக்குப் பிறகும் மூன்று நாள் அவன் வருகை கைரேகை இயந்திரத்தில் இருந்தது. சமரசப் பேச்சில் அந்த மூன்று நாளைக் காட்டியதும் கம்பெனித் தரப்பு தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. இதெல்லாம் மாட்டியவனுக்கு. மாட்டாதவர்கள் எத்தனை பேரோ.

உறைக்குள்_கடிதம் | ஞாயிறு காலை 10.00

திங்கள் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலுக்கு எழுத்தில் பதில் வராது. "உட்கார்ந்து பேசலாம்" என்பார்கள். அங்கே இரண்டில் ஒன்று: செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று 30 அல்லது 60 நாள் கெடு, அல்லது கூடுதல் தொகை. முதலாவது வந்தால் இலக்குகளை எழுத்தில் கேளுங்கள், எண்ணோடு. "முனைப்பு காட்ட வேண்டும்" என்பதெல்லாம் இலக்கு இல்லை.

இரண்டாவது வந்தால் வெட்கப்படாமல் பேரம் பேசுங்கள். இங்கே தோழருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கும், ஆனால் நல்ல தொகையோடு விலகுவது பலருக்கு உண்மையிலேயே சரியான முடிவு. ஒன்று மட்டும். நோட்டீஸ் சம்பளம், மிச்ச விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) மூன்றும் ஏற்கெனவே உங்களுடையவை. அவற்றைக் கூட்டிப் போட்டு "பேக்கேஜ்" என்று காட்டுவார்கள். அவை போக மேலே எவ்வளவு என்று கேளுங்கள். அந்த இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை நோட்டீஸ் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

மழைக்காகிதம் | ஞாயிறு காலை 10.40

இப்போதுதான் பார்த்தேன். நோட்டீஸ் இரண்டு மாத முழுச் சம்பளம். அவர்கள் சொன்னது இரண்டு மாத அடிப்படை மட்டும். நியாயமாக வர வேண்டியதைவிடக் குறைவாகத் தந்துவிட்டு தாராளம் என்று சொல்லியிருக்கிறார்கள்!

கணக்குப்புலி | ஞாயிறு காலை 11.02

சரி, இதை நான் யோசிக்கவில்லை. இரண்டு மாதக் காசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வெள்ளி இரவு சொன்னது தப்பு.

மழைக்காகிதம் | பத்தொன்பது நாள் கழித்து

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். திங்கள் அன்று உறைக்குள்_கடிதம் சொன்னபடியே வசனம் மாறாமல் நடந்தது. 60 நாள் திட்டம் என்றார்கள், இலக்கை எழுத்தில் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு பேச்சு பணத்துக்கு வந்தது. வக்கீல் ஒருவரிடம் வரைவைக் காட்டினேன், அவர் இரண்டு வரியை அடித்தார். ஒன்று, எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்பதில் கிராஜுவிட்டியையும் பிஎஃப்பையும் சேர்த்திருந்தார்கள். இன்னொன்று, ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது. வேலையை விட்ட பிறகு அப்படித் தடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது என்றார். இரண்டையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் நோட்டீஸ் முழுச் சம்பளம், அதற்கு மேல் நான்கு மாதம், கிராஜுவிட்டி தனி. பரஸ்பர உடன்பாட்டில் விலகல் என்று எழுதி, அனுபவச் சான்றிதழும் வாங்கிக்கொண்டேன். சண்டை போட்டிருந்தால் இன்னும் கிடைத்திருக்குமோ என்னவோ. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இழுக்க முடியவில்லை. தோழர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம்_ஷிப்ட் | அதே நாள் இரவு

கோபம் ஏன்? வாழப்போவது நீங்கள். கிராஜுவிட்டியை எத்தனை வருடத்துக்குப் போட்டார்கள்?

மழைக்காகிதம் | அதே நாள் இரவு

ஆறு.

இரண்டாம்_ஷிப்ட் | அதே நாள் இரவு

ஏழு தோழர். கிராஜுவிட்டியிலும் ஆறு மாதத்துக்கு மேலே போனால் முழு வருடம். உங்களுக்கு ஆறு வருடம் எட்டு மாதம். கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 7ஆல் பெருக்குங்கள். சம்பளம் என்பதற்குப் புதிய தொகுப்பின் வரையறைப்படி எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், படிகளெல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேர வேண்டும்.

மழைக்காகிதம் | மறுநாள் மாலை

எழுதினேன். "சிஸ்டம் தவறு" என்று பதில். திருத்திய கணக்கு வந்துவிட்டது, ஏழு.

தொட்டில்_அருகில் | மறுநாள் மாலை

பிஎஃப் தளத்தில் வெளியேறிய தேதியும் காரணமும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு அதைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆயிற்று.